வானத்துப் புறம்போக்குக்கு ஒரு பட்டா

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. உன் மகளுக்கு, அதான் என் கொள்ளுப்பேத்திக்கு, வானத்துல ஒரு நட்சத்திரம் வாங்கிட்டியாமே. சந்தோசம். புனே சாங்வியில ரெண்டு ரூமு வீட்டுக்கு இருபது வருசக் கடன் போட்டவன், நட்சத்திரத்தை மட்டும் ஒரே தவணையில முடிச்சிட்டே. அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் கூப்பிட்டேன்.

பத்திரத்தைக் காட்டு பாப்பம். வழவழன்னு தாளு, தங்கக் கலர்ல முத்திரை, ஓரத்துல பூ வேலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன்கிட்டக் குடுத்திருப்பான் போல. நட்சத்திரம் எந்த இடத்துல இருக்குன்னுகூட போட்டிருக்கான். அது அவனுக்கு எப்படிப் பாத்தியம் ஆச்சுன்னு மட்டும் போடல. மூலப்பத்திரம் எங்கலே?

நம்ம ஊர்ல கண்மாய்ப் புறம்போக்கை அளந்து, மஞ்சக்கல்லு நட்டு, பிளாட்டு போட்டு வித்துட்டுப் போவான் ஒருத்தன். வாங்கினவன் கையில பத்திரம் பளபளன்னு இருக்கும். தாலுகா ஆபீசுல போய்க் கேட்டா, அப்படி ஒரு பட்டாவே இல்லம்பாக. நீ வாங்கினதும் அதே சரக்குதான். வானத்துக்கும் ஒரு தாலுகா ஆபீசு இருக்கு. சர்வதேச வானியல் ஒன்றியம்னு பேரு, 1919ல ஆரம்பிச்சது. அவுக பேரை விக்கிறதும் இல்ல, அடுத்தவன் வித்த பேரைக் கணக்குல ஏத்துறதும் இல்ல.

இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? நீ ஹிஞ்சேவாடிக்குப் போய் நாள்பூரா கம்ப்யூட்டரை முறைச்சிட்டு வாரே. நான் பவனா ஆத்தங்கரையில காலாற நடக்கேன். அங்க எனக்கு ஒரு மராட்டிக்காரக் கூட்டாளி. நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமத்துல முப்பது பெரிய ரேடியோ டெலஸ்கோப் டிஷ்ஷை, ஒவ்வொண்ணும் 45 மீட்டர் அகலம், வரிசையா நிறுத்தியிருக்காகல்ல, அங்க வேலை பாத்து ரிட்டையரானவர். அவர் இந்தியையும் என் இந்தியையும் சேத்தா ஒரு முழு இந்தி வரும். வானத்து விசயத்துல அவர் சொன்னா சொன்னதுதான். வடாபாவ் எந்தக் கடையில நல்லாருக்கும்கிறதுல மட்டும் எங்களுக்குள்ள ஒத்து வராது.

நட்சத்திரத்துக்குப் பேரு வைக்கிறதுன்னா என்னன்னு முதல்ல கேட்டுக்க. மெட்ராசு நுங்கம்பாக்கத்துல கும்பினி காலத்துலயே ஒரு வானாய்வுக்கூடம் இருந்துச்சு. அங்க சிந்தாமணி ரகுநாதாச்சாரின்னு ஒருத்தர் வேலை பாத்தார். 1867ல, வெளிச்சம் கூடிக் கூடிக் குறையிற நட்சத்திரம் ஒண்ணைக் கண்டு சொன்னார். லண்டன் ராயல் வானியல் சங்கத்துல 1872ல உறுப்பினர் ஆனார். அங்க நுழைஞ்ச முதல் இந்தியர் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனுசன் கண்டுபிடிச்ச நட்சத்திரத்துக்கு என்ன பேரு தெரியுமா? ஆர் ரெட்டிகுலி. ரெட்டிகுலம்கிற மண்டலத்துல வெளிச்சம் மாறுறதா தெரிஞ்ச முதல் நட்சத்திரம், அதனால ஆர். அம்புட்டுதான். ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சவருக்கே ஒரு இனிசியல்தான் கிடைச்சுது. நீ சோபாவுல படுத்துக்கிட்டு போன்ல பணம் அனுப்பினதுக்கு முழுப் பேரே கிடைச்சிருச்சாக்கும்!

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. மனுசப் பேரு வானத்துல ஏற ஒரு வழி இருக்கத்தான் செய்யுது. அதுக்கு நட்சத்திரத்தை விடு, சிறுகோளைப் புடி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல பாறையும் பொடியுமா லட்சக்கணக்குல சுத்துதே, அதுக. நம்பர் வாங்கினதே எட்டு லட்சத்துக்கு மேல. பேரு வாங்கினது சுமார் இருபத்தஞ்சாயிரம். மிச்சமெல்லாம் நம்ம முனிசிபாலிட்டிக் குழாய் மாதிரி நம்பரோடவே ஓடிக்கிட்டிருக்கு.

மக பேரை வானத்துல பாத்த அப்பனும் ஒருத்தர் உண்டு. நார்மன் போக்சன்னு வெள்ளைக்காரர். 1856ல ஆக்ஸ்போர்டுல ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். அவருக்கு மேல இருந்த மானுவல் ஜான்சன் அதுக்கு ஐசிஸ்னு பேரு வச்சார். கேக்கிறவுகளுக்கு எகிப்து தேசத்து அம்மன் பேரு. வீட்டுக்குள்ள போக்சனோட மக பேரு. எப்படி? சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பிள்ளையைக் கொஞ்சின மாதிரியும் ஆச்சு. அந்த ஐசிஸ் அப்பனோட மெட்ராசுக்கு வந்து, வளந்து, அதே நுங்கம்பாக்கம் கூடத்துல உதவியாளரா வேலை பாத்துச்சு. பேரு வானத்துல இருக்குன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காரல.

போக்சன் மெட்ராசுக்கு வந்த வருசமே, 1861 ஏப்ரல்ல, இன்னொண்ணைப் புடிச்சார். ஆசியாக் கண்டத்துல இருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள். அதனால அதுக்குப் பேரே ஆசியா. நம்பர் 67. அப்புறம் சாப்போ, சில்வியா, கமில்லா, கடைசியா 1885ல வேரா. ஆக மெட்ராசுல மட்டும் அஞ்சு. இதுல சில்வியா கதைதான் எனக்குப் புடிச்சது. ரோமாபுரியைக் கட்டின ரெட்டைப் பிள்ளைகளைப் பெத்தவ பேரு அது. 1866ல பேரு வச்சாக. 2001லயும் 2004லயும் பாத்தா, அந்தப் பாறையைச் சுத்தி ரெண்டு குட்டி நிலா! பிள்ளைகளுக்கு ரோமுலஸ், ரீமஸ்னு பேரு வைக்க ஒருத்தரும் எண்கணித சோசியர்கிட்டப் போகல. நீயும் உன் பொண்டாட்டியும் 'ஸ்ரீ'க்கு முன்னால ஒரு 'எச்' போடவா, பின்னால ஒரு 'எச்' போடவான்னு இன்னும் அடிச்சிக்கிறீக.

இப்ப ஆபீசு நடைமுறையைச் சொல்றேன். வானத்துல புதுசா ஒண்ணு தென்பட்டா உடனே பேரு கிடையாது. முதல்ல ஒரு தற்காலிக அடையாளம். வருசத்தை இருபத்துநாலு அரைமாசமா வகுந்து ஆளுக்கொரு எழுத்து. அந்த அரைமாசத்துல அது எத்தனாவதா கிடைச்சதுங்கிறதுக்கு இன்னொரு எழுத்து. ஐ எழுத்தை மட்டும் விட்டுருவாக, ஒண்ணாம் நம்பரோட குழம்பும்னு. எழுத்து தீந்துபோனா பக்கத்துல நம்பர். அப்புறம் வருசக்கணக்கா கவனிச்சு, இது இந்தத் தடத்துலதான் போகும்னு உறுதியானாத்தான் நிரந்தர நம்பர். அதுக்குப் பெறகுதான் பேரைப் பத்தின பேச்சே. கண்டுபிடிச்சவருக்குப் பத்து வருசம் வரைக்கும் பேரை முன்மொழிய உரிமை. அதையும் ஒரு குழு உக்காந்து பாத்து, சரின்னாத்தான் ஏறும்.

உதாரணம் கேளு. ஜவ்வாது மலையில காவலூர் இருக்குல்ல, அங்க 1988 பிப்ரவரி 17 ராத்திரி ராஜமோகன்கிறவர் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். கல்கின்னு பேரு வச்சு ஒரு தேடல் வேலை நடத்திக்கிட்டிருந்தாக அப்ப. வேராவுக்கு அப்புறம் நம்ம தேசத்துல இருந்து அடுத்தது சிக்க நூறு வருசத்துக்கு மேல ஆயிருச்சு. அதுக்குக் குடுத்த தற்காலிக அடையாளம் 1988 டிக்யூ1. டின்னா பிப்ரவரி பின்பாதி. க்யூ பதினாறாவது எழுத்து, ஒண்ணுன்னா ஒரு சுத்து முடிஞ்சுதுன்னு அர்த்தம். இருபத்தஞ்சும் பதினாறும் நாப்பத்தொண்ணு. ஆக அந்த அரைமாசத்துல உலகத்துல கிடைச்சதுல நாப்பத்தொண்ணாவது. பெறகு நிரந்தர நம்பர் 4130. பேரு ராமானுஜன். நம்ம கும்பகோணத்துக் கணக்குப் புலிதான்.

1729ன்னு அவருக்குப் புடிச்ச நம்பரைக் குடுத்திருக்கக் கூடாதான்னு கேப்பே. அது அதுக்கு முன்னாலயே போயிருச்சுலே. 1729ஆம் நம்பரு பெரில்னு ஒரு அம்மாவுக்கு. அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல, வானத்தைப் புடிச்ச படத் தகடுகளை வருசக்கணக்கா உக்காந்து ஆராஞ்சவுக. மகாராசாவுக்கும் ரிசர்வேசன் கிடையாது, வரிசைப்படிதான். ஆனா சில பேருக்கு அமைஞ்சு வரும். பண்டிட் ஜஸ்ராஜ் பாட்டுக்காரர் 1930 ஜனவரி 28ல பொறந்தவர். 2019ல அவர் பேரு வாங்கின சிறுகோளோட நம்பர் 300128. திருப்பிப் படி, பொறந்த தேதி. தேடிப் பொருத்தினது அது. நம்ம விஸ்வநாதன் ஆனந்துக்குக் கிடைச்சது 4538. கென்சோ சுசூகின்னு ஒருத்தர் ஜப்பான்ல 1988ல கண்டுபிடிச்சது. ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே வருசம். ஆனா பாறை பேரில்லாம 2015 வரைக்கும் சுத்திக்கிட்டே கிடந்துச்சு. அதுக்குப் பேரு எடுத்துக் குடுத்தவரு அந்த ஆபீசுலயே இருந்த சதுரங்கப் பிரியர். ஆபீசுக்குள்ள ஒரு ஆள் தெரிஞ்சிருந்தா நல்லதுதான், வானமா இருந்தா என்ன, ரேசன் கார்டா இருந்தா என்ன.

விதிகளையும் கேட்டுக்க. இங்கிலீசுல எழுதினா பதினாறு எழுத்துக்கு மேல போகக் கூடாது, இடைவெளியும் சேத்து. என் பேரு முத்துக்கருப்பண்ணசாமி. ஆத்தங்கரையில குச்சியால மண்ணுல எழுதி எண்ணினோம். பத்தொம்பது! கூட்டாளி சிரிச்சிட்டு ஒரு வழி சொன்னார். கடைசியில இருக்கிற சாமியை இறக்கி விட்டுட்டா பதினஞ்சுல அடங்கிருமாம். சொர்க்கத்துக்குப் போகணும்னா சாமியைப் புடிச்சிக்கணும்பாக. வானத்துக்குப் போகணும்னா சாமியை விட்டுறணுமாம். எது நெசமோ.

வியாபாரப் பேரு கூடாது. பாத்திரக்கடை, பிளாட்டுக் கம்பெனி, எதுவும் ஏறாது. செல்லப் பிராணி பேரும் வேண்டாம்னு கேட்டுக்கிறாக. அதுக்கு ஒரு பூனைதான் காரணம். ஜேம்ஸ் கிப்சன்னு ஒருத்தர் 1971ல கண்டுபிடிச்ச சிறுகோளுக்குத் தன் பூனை பேரை வச்சிட்டார். மிஸ்டர் ஸ்போக், நம்பர் 2309. சினிமாக்காரக் கதாபாத்திரம்னு நெனச்சவுகளுக்கு, பூனைன்னு தெரிஞ்சதும் முகம் சுளிச்சிருச்சு. பூனை கண்டுக்கல.

வியாழனுக்கு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு சிறுகோள் கூட்டம் போகுது. முன்ன போறதுக்கு கிரேக்கப் படை வீரர் பேரு, பின்ன வர்றதுக்கு டிராய் நாட்டுப் படை வீரர் பேருன்னு ஒரு ஏற்பாடு. ஆனா ஏற்பாடு வர்றதுக்குள்ள ஆளுக்கொரு பேரு வச்சிட்டாக. டிராய் தளபதி ஹெக்டர் கிரேக்கக் கூட்டத்துல மாட்டிக்கிட்டான். கிரேக்கன் பாட்ரோக்ளஸ் எதிரிக் கூட்டத்துல. இன்னைக்கும் அவுகளை ஒற்றர்னுதான் சொல்றாக. நம்ம ஊர்ல தேர்தல் முடிஞ்சதும் எம்புட்டோ பேரு இடம் மாறுறாக. அதுக்கு ஒற்றர்னு சொல்றதில்ல, மனசாட்சிங்கிறாக.

இப்ப நல்ல விதிக்கு வாரேன். அரசியல்வாதி, படைத்தலைவர் பேருன்னா, செத்து நூறு வருசம் ஆகணும். அதுக்கு முன்னால கதவு தட்டவே கூடாது. இதை ஏன் வச்சாகன்னு தெரியணும்னா பழசைப் பாரு. 1801 ஜனவரி 1ஆந் தேதி, சிசிலித் தீவுல பியாட்சிங்கிற பாதிரியார் முதல் சிறுகோளைக் கண்டுபிடிச்சார். சிரஸ் ஃபெர்டினாண்டியான்னு பேரு வச்சார். சிரஸ் வெள்ளாமைத் தேவதை, ஃபெர்டினாண்டு அந்த ஊரு ராசா. வெள்ளாமையை உலகம் வச்சிக்கிச்சு, ராசாவை வெளிய தள்ளிருச்சு. 1850ல ஹைண்டுங்கிறவர் விக்டோரியான்னு ஒண்ணுக்கு வச்சார். இதென்ன, உயிரோட இருக்கிற உங்க ராணி பேரால்லன்னு அமெரிக்காக்காரன் கேட்டதுக்கு, ராணியா, இது ரோமாபுரி வெற்றித் தேவதைங்க அப்படின்னுட்டார். கேட்டியா? காக்கா புடிக்கிறதுலயும் எப்படியெல்லாம் சாமி ஒளிஞ்சிருக்குன்னு.

அந்த நூறு வருச விதியை நம்ம சாங்வி முக்குல ஒரு வாரம் போட்டுப் பாரேன். ஔந்த் பக்கம் போற பாலத்துல இருந்து பழைய சாங்வி மட்டும், கவுன்சிலர் அண்ணன் வாடதிவஸ், அதான் பொறந்தநாளு, அண்ணன் மச்சான் வாடதிவஸ், வாழ்த்துறவுக போட்டோ நாப்பதுன்னு ஃப்ளெக்சு கட்டியிருக்கே, அம்புட்டையும் சுருட்டி வைக்கணும். அப்புறந்தான் சாங்வியில மரம் எது, கடை எது, திரும்புற இடம் எதுன்னு தெரியும். நம்ம ஊரைச் சொல்லவே வேண்டாம்; கம்பம் நட்ட குழி மூடுறதுக்குள்ள அடுத்த கம்பம்.

வானத்துல பேரு விலைக்கு வித்ததே இல்லையா தாத்தான்னு நீ கேக்கணும், கேக்க மாட்டே. நானே சொல்றேன். ஒரு தடவை வித்திருக்காக. வியன்னாவுல பலீசான்னு ஒருத்தர், சிறுகோள் புடிக்கிறதுல சூரர். 1886 ஆகஸ்டுல வர்ற சூரிய கிரகணத்தைப் பாக்கப் போகக் காசில்ல. 1885ல கண்டுபிடிச்ச ஒண்ணுக்கு, ஐம்பது பவுன் தந்தா பேரு வைக்கிற உரிமையைத் தாரேன்னு அறிவிச்சார். ஆல்பர்ட் ராத்சைல்டுங்கிற பெரிய பணக்காரர் வாங்கித் தன் பொண்டாட்டி பேரை வச்சார். நம்பர் 250, பெட்டினா. ஆனா பாத்துக்க, வித்தவர் கண்டுபிடிச்ச ஆளு. உனக்கு வித்தவன் கண்டுபிடிச்சது உன்னையத்தான். இன்னொண்ணும் நடந்துச்சு. அந்த ராத்சைல்டு 1911ல செத்தார். அதே வருசம் பலீசா கண்டுபிடிச்ச ஒண்ணுக்கு நன்றியா ஆல்பர்ட்னு பேரு வச்சாக. ஆனா கண்டுபிடிச்ச கொஞ்ச நாள்லயே பாறை தொலைஞ்சு போச்சு! 2000ஆம் வருசந்தான் திரும்பக் கிடைச்சது. அம்புட்டுப் பணம் இருந்தும் எண்பத்தொம்பது வருசம் தலைமறைவு.

சரி, காசில்லாம பேரு வைக்க முடியுமான்னு பாரு. 2019ல அந்த ஒன்றியத்துக்கு நூறு வயசு. தேசத்துக்கு ஒரு நட்சத்திரம், அதைச் சுத்துற கிரகம் ஒண்ணு, ஜனங்களே பேரு சொல்லுங்கன்னாக. நட்சத்திரத்துக்குப் பேரு வைக்க முடியாதுன்னேன்ல, இது அவுகளே திறந்து விட்ட கதவு. நம்ம தேசத்துப் பங்குக்கு வந்தது எச்டி 86081. ஓட்டுப் போட்டு நட்சத்திரத்துக்கு பிபான்னு வச்சாக. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி பண்ணின பிபா சௌதுரிங்கிற அம்மா நெனவா. கிரகத்துக்குச் சந்தமாசா. மேகம் மூடினதுன்னு சமஸ்கிருதத்துல அர்த்தமாம், அங்க இருக்கிற காத்து மண்டலத்தை நெனச்சு. அந்தப் பேரை எடுத்துக் குடுத்தது யாரு தெரியுமா? இந்தப் புனேயில பள்ளிக்கூடம் படிச்ச பதிமூணு வயசுப் பையன். ஒரு பைசா செலவில்ல. உனக்கு மாசச் சம்பளம் எம்புட்டுன்னு நான் கேக்கல.

இப்ப புத்திமதி. பணத்தைத் திருப்பிக் கேளு, குடுக்க மாட்டான், இருந்தாலும் கேளு, கேட்டுப் பழகு. ஔந்தைத் தாண்டினா பல்கலைக்கழகம், அதுக்குள்ள அயுக்காங்கிற வானியல் ஆராய்ச்சி மையம் இருக்கு. பிப்ரவரி 28 அறிவியல் தினத்துல ஜனங்களை உள்ள விடுறாக. பிள்ளை கொஞ்சம் வளந்ததும் தோள்ல தூக்கிட்டுப் போ. கொஞ்சம் பெரிசானா, பள்ளிக்கூடப் பிள்ளைகளே கம்ப்யூட்டர்ல வானப் படங்களைப் பாத்து சிறுகோள் தேடுற ஏற்பாடு இருக்கு, அதுல சேத்து விடு. உன் கம்ப்யூட்டரும் ஒரு நாளாவது உருப்படியா உழைக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. அந்தக் குழுவுக்குப் பேரை மட்டும் எழுதி அனுப்பினா போதாது. அந்தப் பேருக்கு உரியவர் யாரு, என்ன பண்ணினார்னு நாலு வரியில காரணமும் சேத்து எழுதணும். ராமானுஜனுக்கும் உண்டு, தகடு பாத்த பெரில் அம்மாவுக்கும் உண்டு. காரணம் இல்லாத பேரை எடுத்து அந்தாண்ட வச்சிருவாக. எனக்கு இதுதான் பெரிய விசயமாப் பட்டுச்சு. பேரு வைக்கிறது எவனும் வைக்கலாம். பக்கத்துல எழுதுற நாலு வரியைச் சம்பந்தப்பட்டவன்தான் சம்பாதிக்கணும்.

உனக்கு எழுதணும்னா என்ன எழுதலாம்னு நேத்து ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன்லே. இதுவரைக்கும் தேறினது இம்புட்டுதான்: "சாங்வியில் வசிப்பவர். பதினாறு வாட்ஸ்அப் குழுக்களில் உறுப்பினர். எல்லாவற்றிலும் நாள் தவறாமல் காலை வணக்கம் போட்டவர்." ஒரு வரிதான் பாக்கி இருக்கு. அதைச் சீக்கிரமா ஏதாவது பண்ணி நிரப்பு. இல்லன்னா என் வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பிருவேன், அங்கயும் எனக்கு ஆளு தெரியும்.